கருக்கலைப்பில் தப்பிப் பிறந்தவர் என்றால் யார்? அந்தக் காயம் ஆறுமா?

கருவைக் கலைக்க முயன்றும் கலையாமல் உயிரோடு பிறந்தவர். கை மருந்து பலிக்காமல் போகும், இல்லை கருவின் மாதக்கணக்கைத் தவறாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் ஜியானா ஜெசன் 1977-ல், கர்ப்பப்பைக்குள் உப்புக் கரைசல் ஏற்றியும் உயிரோடு பிறந்தார். பெருமூளை வாதம் வந்தது. ஆனாலும் நடந்தார், மாரத்தானும் ஓடினார். பெற்ற தாயை மன்னித்ததற்குத் தன் கிறிஸ்தவ நம்பிக்கையே காரணம் என்கிறார்.

நானும் அப்படிப் பிறந்தவன்தான், காரைக்குடிப் பக்கம். நாலாவது பிள்ளை வேண்டாமென்று அம்மா ஏதோ கஷாயம் குடித்தாளாம். பதினாறு வயதில் அப்பத்தா வாய்தவறிச் சொன்னார். காப்பாற்ற வேண்டிய கையே தள்ளியது என்பதால்தான் இந்த வலி இவ்வளவு ஆழம்.

அப்புறம் தெரிந்தது இன்னொன்று. நான் பிறந்ததும் அம்மா என்னைக் குன்றக்குடி முருகன் சந்நிதியில் கிடத்தி, "இது உன் பிள்ளை" என்று கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு தந்து திரும்ப வாங்கியிருக்கிறாள். முந்தானையில் தவிடு ஒட்டியிருந்தது, தட்டிவிடக்கூட இல்லை என்றார் அப்பத்தா. அதைக் கேட்டு அழுதேன். முருகனை நான் நம்பத் தொடங்கியது அன்றுதான்.

காயம் ஆறுவது, செட்டிநாட்டு வீடுகளில் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் மாதிரி. தினம் துடைத்து, மேலே நடந்து புழங்கப் புழங்கத்தான் பளபளப்பு கூடும். எனக்குப் பல வருஷம் ஆனது.

தப்பிப் பிறந்தவர் எல்லாருக்கும் உடற்குறை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எனக்கு ஒன்றும் இல்லை.