ஸ்டிக்கர் உரித்த பேட்டரி

அன்புள்ள ஐயா,
அப்பாவின் காது மெஷினுக்கு வாராவாரம் பொட்டு சைஸ் பேட்டரி வாங்கி மாளவில்லை. ராத்திரியில் அந்த ஸ்டிக்கரை மறுபடி ஒட்டி வைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். போனைப் போல இதையும் சார்ஜ் போடுகிற மாதிரி ஏன் செய்யவில்லை?
ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

ஸ்டிக்கரை உரித்ததும் ஊசிமுனை அளவுக்குத் துளை தெரியும், பார்த்திருப்பீர்கள். விஷயமே அந்தத் துளைதான். உள்ளே துத்தநாகத் தூளும் காரக் கரைசலும் இருக்கின்றன. வேண்டிய ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து வருகிறது. அந்தச் சரக்கைச் சுமக்காததால்தான் அத்தனை சிறிதாக இருந்தும் ஒரு வாரம் தாங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், 65 கிராம் துத்தநாகம் 16 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து 81 கிராம் ஆக்சைடு ஆகும். தீர ஆரம்பித்த பிறகு எடை ஏறுகிற பேட்டரி இது.

சார்ஜ் ஏற்ற, இதைத் திருப்பி ஓட்ட வேண்டும். துத்தநாகம் திரும்பி வரும். ஆனால் கிளம்பிய இடத்துக்கே வராது. ஓரிடத்தில் மேடு தட்டும், இன்னோரிடத்தில் முள் முள்ளாக வளரும். அந்த முள் நடுத்தடுப்பைத் துளைத்தால் ஷார்ட்தான். காற்றுப் பக்கத்திலோ, ஆக்சிஜனை உள்ளே வாங்கிய அதே மின்முனை இப்போது அதை வெளியே விட வேண்டும். அதிலுள்ள கரி அரித்துப்போகும். சுமார் 1.2 வோல்ட்டில் தந்ததைத் திரும்ப ஏற்ற 2 வோல்ட் வரை கேட்கும். நாம் கொடுப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு வீண்.

இவற்றையெல்லாம் ஆய்வகத்தில் ஓரளவு சமாளிக்கிறார்கள். எனக்குப் பெரிய தலைவலியாகத் தெரிவது அந்தத் துளைதான். காது மெஷினுக்குச் சில மில்லியாம்பியர் போதும். லேப்டாப்புக்கு நிறையக் காற்று வேண்டும். வாசலை அகலத் திறந்தால் கரியமில வாயுவும் கூடவே நுழைந்து, கரைசலில் கார்பனேட்டாகி நுண்துளைகளை அடைக்கும். வறண்ட காற்றில் கரைசல் காய்ந்துபோகும்; ஐப்பசி அடைமழையில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 1990களில் அமெரிக்காவில் ஏஇஆர் எனர்ஜி என்ற நிறுவனம் லேப்டாப்புக்கு இதை முயன்றது. காற்றே வேண்டாத, மூடி முத்திரையிட்ட லித்தியம் அயான் அதே காலத்தில் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று சார்ஜ் போடும் காது மெஷின்களிலும் பெரும்பாலும் அதுதான்.

சரி, அப்பா விஷயம். உள்ளே போன காற்று போனதுதான். ஸ்டிக்கரை மறுபடி ஒட்டிப் பெரிய லாபமில்லை. உரித்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் மேஜையில் வைத்துவிட்டு, அப்புறம் மெஷினில் போடச் சொல்லுங்கள். சார்ஜரில் மட்டும் செருகிப் பார்க்க வேண்டாம், வெடிக்கலாம்.