கியூபை எப்போது தள்ளலாம்? பிரிக்ஃபீல்ட்ஸ் பேக்கமன் மேசையின் கேள்வி பதில்

சனிக்கிழமை மாமாக் உணவுக்கடையில் பேக்கமன் பலகை விரிக்கிறோம். பகடை உருட்டி, தன் காய்களையெல்லாம் முதலில் வெளியே எடுப்பவர் ஜெயிக்கும் இருவர் ஆட்டம் அது. பணயம் தே தாரேக் என்ற ஆற்றிய பால் டீதான், புள்ளிக்கு ஒரு கிளாஸ். போன வாரம் கேட்டவர்களுக்கு இங்கே பதில்; கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

செந்தூல்: அண்ணே, நான் தாயம் ஆடி வளர்ந்தவன். வெட்டுவதும் பழம் எடுப்பதும் புரிகிறது. 2, 4, 8 என்று எண் போட்ட அந்தக் கட்டை எதற்கு?

அதுதான் கியூப். 1920களில் நியூயார்க் கிளப்புகளில் வந்தது. உன் முறையில், பகடை உருட்டுமுன், அதை எதிராளி பக்கம் தள்ளினால் பணயம் இரட்டிப்பு. வேண்டாம் என்றால் அவர் இருக்கிற பணயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துகொள்ளலாம். ஏற்றால் கட்டை அவருடையது. அடுத்து இரட்டிப்பாக்கும் உரிமையும் அவருக்கு மட்டும்.

கெப்போங்: நான் தோற்கிற நிலையில் இருக்கும்போது எதிராளி தள்ளுகிறார். விட்டுவிடுவதுதானே புத்தி, அங்கிள்?

இல்லம்மா, கணக்குப் பார். இதே நிலை நாலு தடவை வருகிறது என்று வை. நாலையும் விட்டால் 4 கிளாஸ் போச்சு. நாலையும் ஏற்று ஒன்றில் மட்டும் ஜெயித்தால், மூன்று தோல்விக்கு 6 போகும், ஒரு வெற்றிக்கு 2 வரும். அதுவும் 4தான். ஆக, நாலில் ஒன்று ஜெயிக்க வாய்ப்பிருந்தால் ஏற்கலாம். கட்டை உன் கையில் இருப்பதற்கும் மதிப்புண்டு, அதனால் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. கேமன் பயம் இருந்தால் கதை வேறு: ஒரு காய்கூட எடுக்காமல் தோற்றால் 2 என்பது 4 ஆகிவிடும். அப்போது நாலில் ஒன்று போதாது.

பங்சார்: நன்றாக முந்திய பிறகு தள்ளுவதுதானே பாதுகாப்பு?

நம்மவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது, நானும் விதிவிலக்கில்லை. போன மாதம் எதிராளியின் ஒற்றைக் காய் ஆறு கட்டம் தள்ளி நின்றது. நடுவில் தடையில்லை, இரண்டு பகடை விழக்கூடிய 36 வகையில் 17ல் வெட்டு விழும். வெட்டினால் ஆட்டம் என்னுடையது. தள்ளாமல் உருட்டினேன். வெட்டியது. அப்புறம் தள்ளினேன், மனுஷர் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். ஒரே கிளாஸ்! முதலிலேயே தள்ளியிருந்தால் ஏற்றிருப்பார்.

உன் உருட்டு ஒன்று, அவர் உருட்டு ஒன்று முடிந்ததும் அவர் கட்டையை மறுக்கிற நிலை அடிக்கடி வருமா என்று பார். வருமென்றால் இப்போதே தள்ளு. கிட் உல்சி என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் விதியும் கைகொடுக்கும்: எதிராளி ஏற்பதா விடுவதா என்று உனக்கே உறுதியாகத் தெரியவில்லையா, தள்ளிவிடு.

ஜார்ஜ்டவுன்: வெட்டு முடிந்து வெறும் ஓட்டம் மட்டும் பாக்கி. அப்போது?

எல்லாக் காய்களும் வெளியேற இன்னும் எத்தனை கட்டம் நகர வேண்டும் என்று இரு பக்கமும் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு 100 என்றால், அவருக்கு 108 இருந்தால் தள்ளலாம். கட்டை ஏற்கனவே உங்களிடம் இருந்தால் 109 வரை பொறுங்கள். அவர் 112 வரை ஏற்கலாம்.

பட்டர்வொர்த்: எனக்குக் கடைசி இரண்டு காய், ஒரே உருட்டு. அடுத்த உருட்டில் அவர் முடித்துவிடுவார்.

பாதிக்கு மேல் வாய்ப்பிருந்தால் தள்ளுங்கள். வெளியேற ஒரு காய்க்கு 5 கட்டமும் மற்றதற்கு 2 கட்டமும் பாக்கி, அதாவது காய் 5லும் 2லும் இருந்தால் 36க்கு 19, தள்ளலாம். 4லும் 3லும் என்றால் 17, 6லும் 1லும் என்றால் 15, கை வைக்காதீர்கள். மூன்றிலும் கூட்டினால் 7தான், பாருங்கள்! 4லும் 1லும் நின்றால் 29. அங்கே அவருக்கு நாலில் ஒன்றுகூட இல்லை, தள்ளியதும் எழுந்துவிடுவார்.

செராஸ்: முதலில் 5 புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் தொடரில் நான் 4 எடுத்ததும் கட்டையை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஏன்?

கிராஃபோர்ட் விதி. அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் யாரும் தள்ளக்கூடாது. அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து பின்தங்கியவருக்கு இழக்க ஒன்றுமில்லை, தோற்றால் எப்படியும் தொடர் போச்சு; முதல் வாய்ப்பிலேயே தள்ளிவிடுவார்.

செந்தூல், மறுபடியும்: ஆட்டம் தொடங்கும்போது 64 மேலே இருக்கிறதே?

கட்டையில் 1 கிடையாது தம்பி, 64ஐத்தான் 1 என்று வைத்துக்கொள்கிறோம். புதிதாக வந்த ஒருவர் 64 கிளாஸ் என்று நினைத்து, குடித்த தே தாரேக்குக்கு மட்டும் காசு வைத்துவிட்டு நழுவிவிட்டார்.