"கிருமி தெரியவில்லை" என்று எச்.ஐ.வி. ரிப்போர்ட் வந்ததும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சிலர் மருந்தை நிறுத்திவிடுவது ஏன்?

பாதிக் குழப்பம் வார்த்தையில்தான். சிங்களத்தில் சொன்னதை யாரோ அரைகுறையாகத் தமிழில் "கிருமி இல்லை" என்றால், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அது "சுகமாயிருச்சு" என்றே போய்ச் சேரும். "கிருமி ஒளிஞ்சிருக்கு, மாத்திரையை விட்டா மறுபடி பெருகும்" என்று சுகாதார ஊழியர்கள் சொல்ல வேண்டும். விட்ட சில வாரங்களிலேயே பெருகிவிடும்.

"தினம் ஒன்று" என்பதும் போதாது. பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகுமுன்னா, அந்திக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்தா என்று நேரத்தைப் பேசி முடிவுசெய்யுங்கள். கர்ப்பிணிகளிடம் இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரையும் இருக்கும். வெறும் வயிற்றில் அவற்றோடு சேர்த்து விழுங்கினால் எச்.ஐ.வி. மாத்திரையான டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. டொலுடெக்ராவிரை அந்தச் சத்து மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ எடுக்கலாம், சாப்பாட்டோடு என்றால் ஒன்றாகவே எடுக்கலாம்.

மொழிபெயர்க்க அதே லயத்து ஆளையோ பிள்ளையையோ கூப்பிடாதீர்கள், வாயே திறக்கமாட்டார்கள். "விளங்குதா?" என்றால் எல்லோரும் "ஆமாங்க"தான். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.