அறிமுகக் கூட்டத்துக்குப் பணம் எங்கே புரட்டுவது? – கேள்வி பதில்

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் சில ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருகிறேன். வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கப்போகும் பிள்ளைகளை, வேலையில் இருப்பவர்களோடு உட்காரவைத்துப் பேசவைக்கும் கூட்டங்களை நடத்துகிறோம். அதற்கான பணத்தைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

மேடம், எங்கள் கல்லூரியில் 60 பேருக்கு நடத்த வேண்டும். குறைந்தது எவ்வளவு ஆகும்? (உதவிப் பேராசிரியர், தருமபுரி மாவட்டம்)

17,000 ரூபாய்க்குள் முடிக்கலாம் சார். விருந்தினர் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 பேருக்கு மதியச் சாப்பாடு, ஆளுக்கு 120 வீதம் 9,000. இரண்டு வேளை டீ, பிஸ்கட் 2,250. வெளியூரிலிருந்து வரும் நான்கு பேருக்கு ரயில் கட்டணம் 4,000. பெயர் அட்டைகள் 750, பயோடேட்டா ஜெராக்ஸ் 600. மொத்தம் 16,600. ஊருக்கு ஊர் சாப்பாட்டு விலைதான் கொஞ்சம் மாறும்.

இதில் ஃபிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நாங்கள் நடத்திய முதல் கூட்டத்தில் 38,000 செலவானது. அதில் பாதிக்கு மேல் மேடைக்கே போனது. இரண்டரை மணி நேரம் வாழ்த்துரை. பிள்ளைகள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வந்த விருந்தினரில் ஒருவரிடமாவது யாராவது பேசினார்களா என்றால், இல்லை. அந்தக் கணக்கு நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சென்னைக்கு அழைத்துப்போய் நடத்தலாமா?

வேண்டாம். சனிக்கிழமை பாதிப் பேர் துணிக்கடையிலோ கேட்டரிங்கிலோ வேலைக்கு நிற்பார்கள். அன்றைய கூலி போய்விடும். இலவச பஸ் பாஸ் வீட்டிலிருந்து கல்லூரிக்குத்தான் செல்லும். வேலை நாளில், கல்லூரியிலேயே, முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டாம் ஷிஃப்ட் தொடங்கும் மதிய வேளையில் வையுங்கள். பிள்ளைகளின் போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். வெளியூரிலிருந்து நாலு விருந்தினர் வருவது, அறுபது பிள்ளைகள் போவதைவிடச் சுலபம்.

பெரிய கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். பணம் கேட்டோம். 'நிகழ்ச்சிக்குத் தர முடியாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு அது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் மாரத்தான், விருது விழா மாதிரி ஒருநாள் கூத்துகள் அந்தக் கணக்கில் சேராது என்று 2014 ஜூனிலேயே அரசு சுற்றறிக்கை விட்டுவிட்டது. கம்பெனி தன் விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பும் சேராது. உங்கள் கடிதத்தில் 'ஒருநாள் நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர்' என்று எழுதியிருந்தால் அங்கேயே கதை முடிந்தது.

ஒரு வருடத் திட்டமாக எழுதுங்கள்: பயோடேட்டா பயிற்சி, மூன்று அறிமுகக் கூட்டங்கள், ஆறு மாதம் வழிகாட்டிகளோடு தொடர்பு. பேருக்கு எழுதாதீர்கள், அப்படியே நடத்தவும் வேண்டும். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வி, வேலைத்திறன், பின்தங்கிய பிரிவினரின் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் எல்லாம் இருக்கின்றன. அதற்குள் இது பொருந்தும்.

அடுத்த முட்டுக்கட்டை உங்கள் சங்கமே. கம்பெனி உங்கள் மூலம் செலவழிக்க வேண்டுமானால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்று ஆண்டு அனுபவம், சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிச் செலவழிக்கும் அமைப்புகளுக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு எல்லாம் கேட்பார்கள். 2021 ஏப்ரலிலிருந்து இதுதான் நடைமுறை. இல்லாவிட்டால், இவை உள்ள ஒரு அறக்கட்டளையோடு சேர்ந்து செய்யுங்கள்.

அப்புறம் ஒரு குறுக்குவழி: அதே கம்பெனியின் எச்.ஆர். கதவைத் தட்டுங்கள். ஆள் எடுப்பதற்கென்று அவர்களிடம் தனி பட்ஜெட் இருக்கும். அதற்கு இந்தச் சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது.

எங்கள் ஊரில் கம்பெனியே இல்லை. நகைக்கடையும் ரைஸ் மில்லும்தான்.

போதுமே. காசு கேட்காதீர்கள், பொருளாகக் கேளுங்கள். மில்காரர் அரிசி தருவார், மெஸ் நடத்துபவர் சமைத்துத் தருவார். பணமாகத் தருபவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: 80ஜி வரிச் சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது, வங்கி வழியாகத்தான் தர வேண்டும்.

அக்கா, நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், இந்திய பாஸ்போர்ட். என் நண்பன் அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டான். இருவரும் பணம் அனுப்பலாமா?

நீங்கள் அனுப்பலாம் தம்பி. இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்துவையுங்கள். நண்பர் தருவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. 'என் கணக்கில் போடு, நான் அனுப்புகிறேன்' என்று நீங்கள் வாங்கி அனுப்புவதும் வம்புதான். அவரிடம் மாதம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். எனக்குக் காசைவிட அதுதான் வேண்டும்.

நான் முதல்வன் திட்டம் இருக்கும்போது இது எதற்கு?

2022 மார்ச்சில் தொடங்கிய அந்தத் திட்டம் முக்கியமாகத் திறன் பயிற்சி தருகிறது, நல்ல விஷயம். ஆனால் கோர்ஸ் முடித்த பெண்ணுக்கு, அந்த வேலையில் இருக்கும் ஒருவரின் போன் நம்பர் வேண்டாமா? எங்கள் வீடுகளில் அப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ கிடையாது.

ஆளுக்கு 100 ரூபாய் நுழைவுக் கட்டணம் வைத்தால் பொறுப்போடு வருவார்களே?

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பிள்ளையிடமா? அதில்தான் ரீசார்ஜும் புத்தகமும். வேண்டாம்.

ஆதி திராவிடர் விடுதி மாணவர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கலாமா?

அழைப்பு விடுதிக்குக் கட்டாயம் போகட்டும். வார்டனிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், நோட்டீஸ் ஒட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். ஆனால் கூட்டத்தின் பெயரில், பெயர் அட்டையில், நன்கொடையாளருக்கு அனுப்பும் புகைப்படத்தின் அடியில், எங்கும் சாதி தெரியக் கூடாது. நாங்கள் 'முதல் பட்டதாரி' என்றுதான் போடுகிறோம். ஒரு நன்கொடையாளர் சாதிவாரிப் பெயர்ப் பட்டியல் கேட்டார். எண்ணிக்கை மட்டும் தருகிறோம், பெயர் தர மாட்டோம் என்றோம். முறைத்துக்கொண்டார், பிறகு தந்தார்.

காது கேளாத மாணவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

சைகை மொழிபெயர்ப்பாளருக்கான தொகையைப் பட்ஜெட்டின் முதல் வரியாக எழுதுங்கள். கடைசி வரியில் இருந்தால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

அக்கா, நான் மூன்றாமாண்டு பி.காம். என்னிடம் ஷூ கிடையாது. ஃபார்மல் டிரெஸ் கட்டாயமா?

இல்லை தம்பி. செருப்போடு வா. வருகிற விருந்தினர்களுக்கும் சாதாரண உடையில் வரும்படி கடிதத்திலேயே எழுதியிருக்கிறோம். பயோடேட்டா ஜெராக்ஸ் எங்கள் செலவு, ஒரு பிரதி மட்டும் கொண்டுவா.