ஈரம் காயும் முன் இஸ்திரி

வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியூரில் தனியாகத் தங்கியிருப்பவர்கள் சட்டை தேய்ப்பது பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் சொல்லியிருக்கிறோம்.

ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இதுவரை தெருமுனைக் கடையில் துணி கொடுத்துத்தான் பழக்கம். சாதாரண அயர்ன் பாக்ஸ் வாங்குவதா, ஸ்டீம் பாக்ஸ் வாங்குவதா?
— வாசகர், ஓசூர்

உங்களிடம் இருக்கும் சட்டைகளின் லேபிளை முதலில் பாருங்கள். கழுத்திலோ, உள்பக்கம் இடுப்புத் தையலிலோ இருக்கும். பெரும்பாலானவை பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தவை என்றால் 1000 வாட் சாதாரணப் பெட்டியும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் போதும். முழுப் பருத்தி, லினன் சட்டைகளே அதிகம் என்றால் ஸ்டீம் பெட்டி வேலையைக் குறைக்கும். ஆனால் அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், பயன்படுத்தியதும் காலி செய்து வைக்கும் பொறுமையும் வேண்டும். அது இரண்டும் இல்லாதவர் கையில் ஸ்டீம் பெட்டி நீண்ட நாள் உழைக்காது.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். முனை கூர்மையாக இருக்க வேண்டும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே அதுதான் போகும். மிக லேசான பெட்டி கைக்குச் சுகமாக இருக்கும், அழுத்தத்தை மட்டும் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வயர் குறைந்தது இரண்டு மீட்டர் நீளம் இருந்தால், எக்ஸ்டென்ஷன் தேடி அலைய வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டித் தேய்க்கும்போது பிளக் சுடுகிறது. ஒரு முனை பழுப்பாகவும் ஆகிவிட்டது. பயப்பட வேண்டுமா?
— வாசகி, வேளச்சேரி

ஆமாம். உடனே நிறுத்துங்கள்.

230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்கும். 2000 வாட் ஸ்டீம் பெட்டி ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக்தான் சரி. மொபைல் சார்ஜருக்காக வாங்கிய மெல்லிய வயர் எக்ஸ்டென்ஷனில் இரண்டையுமே மாட்டக் கூடாது. சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் சூடாகிப் பழுப்பு நிறமாகும். பழுப்பான பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால், கருகிய பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகாதீர்கள். உலோக அடித்தட்டும் தண்ணீரும் சேர்ந்து புழங்கும் பொருளுக்கு எர்த் கட்டாயம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தேய்ப்பதும் வேண்டாம்.

என் அறையில் மேஜை கிடையாது. மெத்தை மேல் வைத்துத் தேய்க்கலாமா?
— வாசகர், திருச்சி

மெத்தை அமுங்கும். பெட்டியின் அழுத்தம் துணியில் இறங்காமல் மெத்தைக்குள் போய்விடும். ஒரு சுருக்கத்தை எடுத்தால் பக்கத்தில் இரண்டு விழும். தரையில் ஒரு பருத்திப் போர்வையை நான்காக மடித்து விரித்து, மேலே வெளுத்த பழைய வேட்டியைச் சுருக்கமில்லாமல் போடுங்கள். தரையில் உட்கார்ந்து தேய்க்க முதுகு ஒத்துழைக்காது என்றால், அதே விரிப்பை இடுப்பு உயரமுள்ள சமையல் மேடையில் போடலாம். மேடை காய்ந்திருக்க வேண்டும்.

பாலியஸ்டர் போர்வை வேண்டாம், இளகி ஒட்டும். டர்க்கி டவல் வேண்டாம், அதன் புள்ளிகள் சட்டையில் பதியும். சாயம் போகும் துணியும் வேண்டாம், ஈரமும் சூடும் பட்டதும் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிடும். பிளாஸ்டிக் மேஜையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

எந்த இடத்தில் ஆரம்பித்து எப்படி முடிப்பது? நான் முதுகைத் தேய்த்து முடிக்கும்போது கை கசங்குகிறது, கையைத் தேய்த்தால் முன்பக்கம் கசங்குகிறது. முழுக்கைச் சட்டைக்கு ஒழுங்காக ஒரு முறை சொல்லுங்கள்.
— வாசகர், கோவை

சின்னப் பகுதிகள் முதலில், பெரிய பகுதிகள் கடைசியில். இரட்டைத் துணியாகத் தைத்த காலர், கஃப், தோள் முதலில். ஒற்றைத் துணியான முன்பக்கமும் முதுகும் பிறகு. காலர் தேய்க்கும்போது முதுகு கசங்கினால் பரவாயில்லை, அது பின்னால்தானே வரப்போகிறது.

அதற்கும் முன்னால் ஈரம். பருத்தி இழைகளுக்குள் உள்ள பிணைப்புகளைத் தளர்த்துவது தண்ணீர். தளர்ந்ததை நேராக்குவது பெட்டியின் சூடும் அழுத்தமும். நேராக இருக்கும்போதே ஈரம் போய், ஆறினால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். மொறமொறவென்று காய்ந்த சட்டையை எத்தனை தடவை தேய்த்தாலும் சுருக்கம் போகாததற்குக் காரணம் இதுதான். தொட்டால் ஜில்லென்று இருக்கும், பிழிந்தால் நீர் வராது, அந்தப் பதத்தில் கொடியிலிருந்து எடுங்கள். முழுதும் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். தெளித்த உடனே தேய்த்தால் துளி விழுந்த இடம் மட்டும் ஈரமாகவும் மற்றது காய்ந்தும் இருக்கும்.

காலரின் அடிப்பக்கத்தை மேலே திருப்பி விரித்துப் போடுங்கள். முனையிலிருந்து நடுவுக்கு வாருங்கள், மறு முனையிலிருந்தும் அப்படியே. நடுவிலிருந்து முனைக்குப் போனால் மிச்சத் துணியெல்லாம் முனையில் சேர்ந்து, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு சின்ன மடிப்பாக நிற்கும். பிறகு புரட்டி வெளிப்பக்கம்.

அடுத்து தோள். விரிப்பின் மூலையில் சட்டையின் ஒரு தோளை மாட்டினாற்போல் போட்டு, தோளிலிருந்து கழுத்தின் பின்பக்கம் வரை. மறு தோளும் அதேபோல்.

கஃப்பின் பட்டனைக் கழற்றி விரித்து, உள்பக்கம் முதலில், வெளிப்பக்கம் பிறகு. கையை அதன் அடித்தையல் மேல் ஒழுங்காக மடித்துப் போட்டு, உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிடுங்கள். இந்த ஒரு நீவலைச் சோம்பலில் விடுபவர்கள்தான், அடியில் மாட்டிய துணியில் புதிதாக ஒரு கோடு போட்டுவிடுவார்கள். தோளிலிருந்து கஃப்பை நோக்கித் தேயுங்கள். கையின் மேல் விளிம்பில் கோடு வேண்டாம் என்றால், விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தி, கையைச் சற்றே திருப்பிப் போட்டு மிச்சத்தைத் தேய்க்கலாம்.

முன்பக்கத்தில் காஜா பட்டி எளிது, நேராக ஒரே இழுப்பு. பட்டன் பக்கத்தை உள்புறமாகக் கவிழ்த்துப் போடுங்கள். பட்டன்கள் போர்வைக்குள் அமுங்கும், மேலே துணி சமமாகக் கிடைக்கும். வெளிப்பக்கம் தேய்க்கும்போது முனையைப் பட்டன்களுக்கு நடுவே மட்டும் விடுங்கள். பட்டன் மேல் பெட்டி ஏறினால் பிளாஸ்டிக் இளகும், சில சமயம் விரியும். பாக்கெட்டை அடியிலிருந்து மேலே தேயுங்கள். மேலிருந்து கீழே வந்தால் துணி அடித்தையலில் போய்க் குவியும்.

முன்பக்கம் ஒன்று, பிறகு முதுகு, பிறகு மறு முன்பக்கம் என்று சட்டையைச் சுற்றிக்கொண்டே போங்கள். முதுகில் மடிப்பு வைத்துத் தைத்திருந்தால் மேலே பத்து சென்டிமீட்டருக்கு மட்டும் அந்த மடிப்பை அழுத்தி, கீழே விரித்துவிடுங்கள்.

தேய்த்த கையோடு உடுத்தவோ மடிக்கவோ வேண்டாம். ஹேங்கரில் மாட்டி, மேல் பட்டனைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். சூட்டோடு போட்டால் முழங்கையிலும் முதுகிலும் உட்கார்ந்த சுருக்கம் அப்படியே இறுகிவிடும்.

டயலில் உள்ள புள்ளிகளுக்கு என்ன அர்த்தம்? விளக்கு அணைந்தால் தேய்க்க ஆரம்பிக்கலாமா?
— வாசகி, மதுரை

ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. நைலானுக்கு ஒன்று, பாலியஸ்டருக்கும் கம்பளிக்கும் இரண்டு, பருத்திக்கும் லினனுக்கும் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிளிலும் இதே புள்ளிகள் இருந்தால் லேபிள் சொல்வதே சரி. கலப்புத் துணியில் சூடு தாங்காத இழைக்குத்தான் மரியாதை: 80 சதவீதம் பருத்தியாக இருந்தாலும் பாலியஸ்டர் சூட்டில்தான் தேய்க்க வேண்டும்.

விளக்கு முதல் முறை அணையும்போது சூடு குறித்த அளவைத் தாண்டி ஏறிவிடுவது சகஜம். மீண்டும் எரிந்து, இரண்டாம் முறை அணையட்டும். முதல் வைப்பை எப்போதும் சட்டையின் கீழ் ஓரத்தில், உள்பக்கமாக வையுங்கள்.

கடையில் தேய்த்த விறைப்பு எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?
— வாசகர், சேலம்

உங்கள் பெட்டி ஒரு கிலோ இருக்கலாம். கரி போட்ட பித்தளைப் பெட்டி அதைப்போல் பல மடங்கு கனம். கனத்திலேயே அழுத்தமும் இருக்கிறது, சூடும் சட்டென்று இறங்காது. அவர்கள் துணியைச் சுருட்டி அடுக்கி வைத்து, ஈரம் பரவிய பிறகே எடுப்பதையும் கவனித்திருப்பீர்கள். நீங்கள் செய்யக்கூடியது, பெட்டியை வேகமாக ஓட்டாமல் மெதுவாக நகர்த்துவது. ஒரு இடத்தில் ஈரம் முழுதும் போகும்வரை அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள்.

கஞ்சி வேண்டுமானால், மூன்று பருத்திச் சட்டைகளுக்கு ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசி. ஊற வைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று லிட்டர் தண்ணீரில் கலந்து, அலசிய சட்டைகளை முக்கிப் பிழியுங்கள். வடிகட்டாவிட்டால் அடர்நிறச் சட்டையில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். கஞ்சி போட்ட சட்டையை மட்டும் முழுதாகக் காயவிட்டு, பிறகு தண்ணீர் தெளித்துச் சுருட்டித் தேயுங்கள். ஈரக் கஞ்சி அடித்தட்டில் ஒட்டிக் கருகும். பாலியஸ்டர் அதிகமுள்ள சட்டையில் கஞ்சி நிற்காது, உழைப்பு வீண்.

ஸ்டீம் பெட்டி தண்ணீராகக் கொட்டுகிறது. சில நாள் வெள்ளைத் தூளும் வருகிறது.
— வாசகர், தாம்பரம்

இரண்டும் வேறு வேறு கோளாறு. சூடு போதாதபோது நீர் ஆவியாகாமல் துளியாக இறங்கும். பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு புள்ளிக்குக் கீழே ஸ்டீம் போடக் கூடாது. அதற்கு மேல் வைத்தும் கொட்டினால் விளக்கு அணையும் முன்பே ஸ்டீமைத் திறக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வெள்ளைத் தூள் போர்த் தண்ணீரின் உப்பு. ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள். செல்ஃப் கிளீன் பட்டன் இருந்தால் மாதம் ஒரு முறை தொட்டியை நிரப்பி, முழுச் சூட்டில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிங்க்குக்கு மேலே பெட்டியைப் படுக்கைவசமாகப் பிடித்து பட்டனை அழுத்தியபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொதிநீர் தெறிக்கும், கையைத் தள்ளி வையுங்கள். தொட்டியில் பன்னீர், சென்ட் ஊற்றும் யோசனையை மறந்துவிடுங்கள்.

கறுப்புச் சட்டையில் பளபளவென்று திட்டு. பெட்டியின் அடியில் ஏதோ ஒட்டியும் இருக்கிறது.
— வாசகர், நாகர்கோவில்

பளபளப்பு, சூட்டில் நசுங்கித் தட்டையான இழை. லேசானதாக இருந்தால் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, பெட்டியை அழுத்தாமல் ஆவி மட்டும் படும்படி வைத்து எடுத்து, மென்மையான பிரஷால் தட்டிவிட்டால் குறையும். பாலியஸ்டர் இளகிப் பளபளத்திருந்தால் போகாது. இனி அடர்நிறம் எதையும் உள்பக்கம் வெளியே திருப்பித் தேயுங்கள்.

அடியில் ஒட்டியது கஞ்சி என்றால், பிளக்கைக் கழற்றி வெதுவெதுப்பாக ஆனதும், இரண்டு பங்கு சமையல் சோடாவில் ஒரு பங்கு தண்ணீர் குழைத்துத் தடவி, ஈரத் துணியால் துடையுங்கள். துளைகளுக்குள் போனதைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் எடுக்கலாம். உருகிய பாலியஸ்டர் என்றால் லேசாகச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, மரக்கரண்டியின் ஓரத்தால் தள்ளுங்கள். நான்ஸ்டிக் தட்டில் இரும்பு நாரோ உப்புத்தாளோ பட்டால் பூச்சு போய்விடும்.

வெள்ளைச் சட்டையில் மஞ்சளாகக் கருகிய தடம். அலுவலகச் சட்டை, காப்பாற்ற வழி உண்டா?
— வாசகி, புதுச்சேரி

விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். இழை உதிர்ந்தால் துணியே எரிந்துவிட்டது, வழியில்லை. உதிராவிட்டால், முழுப் பருத்தி வெள்ளைக்கு மட்டும்: மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே அளவு தண்ணீர் கலந்து, பஞ்சால் தொட்டு வைத்து, அரை மணி நேரம் கழித்து அலசி வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். நிறச் சட்டையில் இதைச் செய்தால் சாயம் வெளுக்கும்.

சூடு சரியாக இருந்தும் மஞ்சள் தட்டினால் சோப்பு சரியாக அலசப்படவில்லை. துணியில் தங்கிய சோப்புதான் கருகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஆறு சட்டை தேய்க்கிறேன். நேரம் குறைக்க என்ன செய்யலாம்?
— வாசகர், பெங்களூர்

பாதி வேலையைக் கொடியிலேயே முடிக்கலாம். மெஷின் நின்ற உடனே எடுத்து, தோளைப் பிடித்து இரண்டு முறை பலமாக உதறி, ஹேங்கரில் மாட்டி, காலரையும் காஜா பட்டியையும் கையால் இழுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் டிரம்மில் கிடந்த சட்டைக்கு இரட்டிப்பு நேரமாகும்.

ஆறையும் சூட்டின்படி அடுக்குங்கள்: பாலியஸ்டர் முதலில், கலப்பு அடுத்து, பருத்தி கடைசி. பெட்டி சீக்கிரம் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். தலைகீழாகப் போனால் ஒவ்வொரு சட்டைக்கும் காத்திருக்க வேண்டிவரும், காத்திருக்காதவர்கள் பாலியஸ்டரைக் கருக்குவார்கள். கடைசிச் சட்டையின் முதுகுக்கு வரும்போது சுவிட்சை அணைத்துவிடலாம், மிச்சச் சூடு போதும். கரண்ட் பில்லைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம்: 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் ஒரு யூனிட், அதுவோ நடுநடுவே தானாக அணைந்து எரிகிறது.

பேண்ட்டை மெத்தைக்கு அடியில் வைத்தால் மடிப்பு நிற்குமா?
— வாசகர், தஞ்சாவூர்

லேசாக ஈரம் தெளித்து, நான்கு தையல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்தால், காலைக்குள் ஓரளவு நிற்கும். காய்ந்த பேண்ட்டை வைத்தால் மெத்தைதான் மேடாகும்.