ஸ்கேனில் தெரிவது கட்டியா?

கேள்வி: எனக்கு வயது 23. மாதவிடாய் 45 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. இரண்டு சினைப்பையிலும் 5, 6 மில்லிமீட்டர் அளவில் நிறைய நீர்க்கட்டிகள் இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. கட்டி வெடித்துவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். இந்த அளவில் இருப்பவை கட்டிகள் அல்ல. முட்டை வளரும் கூடுகள். ஃபாலிக்கிள் என்போம். 'நீர்க்கட்டி' என்ற பெயர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எத்தனையோ பெண்களை வீணாகப் பயமுறுத்துகிறது.

சினைப்பையை மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஓரத்தை ஒட்டிச் சின்னஞ்சிறு வட்டங்கள் கூட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு முட்டை, சுற்றிலும் தட்டையான செல்கள் ஒரே வரிசையாக. நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உருவானவை இவை. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சமாகக் குறைந்துவிடும்.

இவற்றில் சில வளரத் தொடங்கும். தட்டைச் செல்கள் நிமிர்ந்து சதுரமாகும், அப்புறம் பெருகி அடுக்கடுக்காகச் சூழும். முட்டையைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு வளையம் படியும். அடுக்குகளுக்கு நடுவே அங்கங்கே நீர் கோத்து, ஒன்றுசேர்ந்து குளம்போல் ஆகும். முட்டை ஒரு பக்கமாகச் செல் மேட்டில் உட்கார்ந்திருக்கும். பார்க்கவே அழகு! உங்கள் ரிப்போர்ட்டில் சொல்லும் நீர் இதுதான்.

மாதந்தோறும் இந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் முந்தி, சுமார் 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கிவிடும். ஆக, வெடிப்பதுதான் இயல்பு. உங்களுக்கு ஹார்மோன் கோளாறால் எதுவும் முந்தாமல் பாதியிலேயே நிற்கின்றன என்று தோன்றுகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும் அதனால் இருக்கலாம்.

ஆபரேஷன் செய்து எடுக்க இங்கே ஒன்றுமில்லை. வெட்டினால் நல்ல முட்டைகளும் சேர்ந்து போகும். இந்த வயதில் நிறைய ஃபாலிக்கிள் தெரிவது சகஜம்; ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (முட்டை சரியாக முதிராமல் மாதவிடாய் தள்ளிப்போகும் ஹார்மோன் கோளாறு) என்று முடிவுகட்ட முடியாது. தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள், சர்க்கரை நான்கையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். முகத்தில் முடி, பரு, எடை கூடுதல் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால், கொஞ்சம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது.

மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம். கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும், அதற்கு மாத்திரை தேவைப்படும். போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள், ஸ்கேன் படத்தை அவருக்கும் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.