வாசகர் கேள்விகள்: சூழல் காத்தவர்களுக்கு எப்படி மரியாதை செய்வது?

சூழலியலாளர்களை நினைவுகூர்வது குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இம்முறை விடை தருகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்தில் உலகச் சூழலியலாளர்களின் படங்களை மாட்ட எண்ணியுள்ளோம். ரேச்சல் கார்சன், வங்காரி மாத்தாய், ஜேன் குடால், டேவிட் அட்டன்பரோ ஆகியோரைத் தவிர வேறு பெயர்கள் நினைவுக்கு வரவில்லை. யாரைச் சேர்க்கலாம்? (ஆசிரியை ஒருவர்)

பதில்: நால்வருமே தகுதியானவர்கள். ஆயினும் உலகம் அதிகம் அறியாத சிலருக்கும் அந்தச் சுவரில் இடம் கொடுங்கள். என் பட்டியலில் முதலில் வருபவர் புர்கினா ஃபாசோவின் உழவர் யக்கூபா சவடோகோ. 1980ஐ ஒட்டிய கடும் வறட்சியில் அக்கம்பக்கத்தார் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது, பாறைபோல் இறுகிக் கிடந்த நிலத்தில், மழைக்கு வெகு முன்பே, அவர் குழி தோண்டத் தொடங்கினார். ‘சாய்’ எனப்படும் அக்குழிகள் அவ்வட்டாரத்தில் பழைய வழக்கம்தான். அவர் அவற்றை அகலமும் ஆழமுமாக்கி, ஒவ்வொன்றிலும் தொழுவுரம் இட்டார். உரத்தைத் தேடி வந்த கறையான்கள் அடிமண்ணைத் துளைத்துவிட, வழக்கமாக மேலோடு ஓடி வீணாகும் மழைநீர் அத்துளைகளின் வழியே உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் விளைந்ததோடு, குழிகளில் முளைத்த மரக்கன்றுகளையும் அவர் பிடுங்காமல் காத்துவர, காலப்போக்கில் அங்கே ஒரு காடே எழுந்தது. கோடையில் நிலத்தைக் கொத்துவது ஊர் வழக்கத்துக்கு மாறானது என்பதால் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். அவருடைய காட்டுக்குத் தீ வைத்ததும் உண்டு. 2018இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ என்ற பன்னாட்டு விருது அவரைத் தேடி வந்தது. ஆனால் அதே காட்டின் ஒரு பகுதியை நகர விரிவாக்கம் மனைகளாகப் பிரித்து எடுத்துக்கொண்டது. படத்தின் கீழே விருதை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுதுங்கள். அவர் 2023 டிசம்பரில் மறைந்தார்.

இரண்டாமவர் ஜப்பானின் தனாக்கா ஷோசோ. ஆஷியோ செப்புச் சுரங்கத்தின் கழிவு வத்தராசே ஆற்றையும் அதன் கரையிலிருந்த வயல்களையும் நஞ்சாக்கியபோது, நாடாளுமன்றத்தில் பத்தாண்டுகள் ஓயாமல் பேசினார். பேச்சு பயன்படாது என்று தெரிந்ததும் பதவியைத் துறந்தார். 1901 டிசம்பரில் பேரரசரின் வண்டியை நோக்கிக் கையில் மனுவுடன் ஓடினார், காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1913இல் அவர் இறந்தபோது உடைமை என்று எஞ்சியது ஒரு பைதான்: நாட்குறிப்புகள், புதிய ஏற்பாடு, நாட்டின் அரசியல் சட்டம், சில கூழாங்கற்கள்.

மூன்றாமவர் நியூசிலாந்தின் டான் மெர்ட்டன். சாத்தம் தீவுகளின் கருங்குருவியினம் 1980இல் ஐந்தே பறவைகளாகக் குறுகியிருந்தது. அவற்றுள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் பெட்டை ஒன்றுதான். அதன் காலில் நீல வளையம் இருந்ததால் ‘ஓல்ட் புளூ’ என்று அழைத்தார்கள். மெர்ட்டன் குழுவினர் அதன் முட்டைகளை எடுத்து வேறொரு சிற்றினப் பறவையின் கூட்டில் வைக்க, அது மீண்டும் முட்டையிட்டது. இன்று அந்த இனத்தில் 200க்கும் மேற்பட்ட பறவைகள் உள்ளன. அத்தனையும் அந்த ஒரு பெட்டையின் வழி வந்தவை. மெர்ட்டனின் படத்தோடு அந்தப் பறவையின் படத்தையும் மாட்டினால் அவரே மகிழ்ந்திருப்பார் என்பது என் எண்ணம்.

கேள்வி: மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ இயக்கம் என்றாலே சுந்தர்லால் பகுகுணா என்கிறார்கள், சிலர் கௌரா தேவி என்கிறார்கள். உண்மையில் பெருமை யாருக்கு உரியது?

பதில்: ஒரு பெயருக்குள் அடக்கப் பார்ப்பதால் எழும் கேள்வி இது. வேளாண் கருவி செய்ய உள்ளூர்க் கூட்டுறவு அமைப்பு கேட்ட மரங்களை மறுத்துவிட்டு, விளையாட்டுப் பொருள் தயாரிக்கும் நிறுவனத்துக்கு வனத்துறை ஒதுக்கியதை எதிர்த்து, 1973இல் இமயமலைப் பகுதியின் மண்டல் கிராமத்தில் போராட்டத்தைத் தொடங்கி வைத்தவர்கள் சண்டி பிரசாத் பட்டும் அவருடைய தோழர்களும். 1974 மார்ச் 26ஆம் நாள் அதே மலைப்பகுதியின் ரேணி கிராமத்தில் நடந்தது வேறு. இழப்பீட்டுத் தொகை தருவதாகச் சொல்லி ஊர் ஆண்களைச் சமோலிக்கு வரவழைத்துவிட்டு, அந்த நேரம் பார்த்து மரம் வெட்டும் ஆட்களைக் காட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சிறுமி ஓடிவந்து செய்தி சொல்ல, மகளிர் மன்றத் தலைவியான கௌரா தேவி இருபத்தேழு பெண்களைத் திரட்டிக்கொண்டு போனார். துப்பாக்கியை நீட்டியவனிடம், இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்று சொல்லி வழியை மறித்தார். வந்தவர்கள் திரும்பிப் போயினர். அதன் பின் அச்செய்தியைக் கால்நடையாகக் காஷ்மீர் முதல் கோஹிமா வரை கொண்டு சென்றவர் பகுகுணா. மரம் வெட்டுவது நிற்காத நிலையில் 1981இல் பத்மஸ்ரீ விருதை ஏற்க மறுத்தவரும் அவரே.

இந்த வகையில் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருதுக் குழுவைப் பாராட்டுவேன். 1987இல் அது தனி ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் சிப்கோ இயக்கத்துக்கே விருதளித்தது. ரேணிக்கு அதன் பின் நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 2021 பிப்ரவரியில் ரிஷி கங்கையில் வந்த வெள்ளம் அங்கிருந்த நீர்மின் திட்டத்தை அடித்துச் சென்றது. அந்தப் பேரிடரில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே ஆண்டில் சாலையோர நிலம் சரியத் தொடங்கியபோது, ஊரில் வைத்திருந்த கௌரா தேவியின் சிலையையே அங்கிருந்து பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று. அவர் காத்த மலையைக் காக்காமல் அவர் சிலையை மட்டும் நிறுத்தி வைக்க முடியவில்லை.

கேள்வி: சுற்றுச்சூழலுக்கு நோபல் பரிசு இல்லையே, ஏன்?

பதில்: ஆல்ஃபிரட் நோபலின் உயிலில் அந்தத் துறை இல்லை. அப்படியொரு பரிசைத் தொடங்குமாறு வைத்த கோரிக்கை ஏற்கப்படாததால், யாக்கோப் ஃபான் உக்ஸ்குல் என்பவர் தம் அஞ்சல்தலைச் சேகரிப்பை விற்று 1980இல் நிறுவியதுதான் மேலே சொன்ன ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது. ஓசோன் படலத்துக்குக் குளிர்சாதன வாயுக்களால் வரும் கேட்டை 1974இல் எடுத்துச் சொன்ன மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், பால் குருட்சனும் 1995இல் வேதியியல் நோபலைப் பெற்றனர். கென்யாவில் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிய மாத்தாய்க்கு 2004இல் அமைதி நோபல் கிடைத்தது. களப்போராளிகளுக்கென்றே 1990 முதல் வழங்கப்படுவது கோல்ட்மன் பரிசு.

விருது பெற்றவரை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆகவே அவரைத் தொடமாட்டார்கள் என்று நம்புவோர் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. நைஜீரியாவில் ஒகோனி மக்களின் நிலத்தை எண்ணெய்க் கழிவிலிருந்து காக்கப் போராடிய கென் சாரோ விவா 1995இல் கோல்ட்மன் பரிசு பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் இராணுவ அரசு அவரையும் எட்டுத் தோழர்களையும் தூக்கிலிட்டது. குவால்கார்க்கே ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்த ஹோண்டுராஸின் பெர்த்தா காசெரெஸ் 2015இல் அதே பரிசைப் பெற்றார். 2016 மார்ச்சில் வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் நிலத்தையும் சூழலையும் காக்க முயன்ற 196 பேர் உலகெங்கும் கொல்லப்பட்டதாக ‘குளோபல் விட்னஸ்’ அமைப்பு பதிவு செய்துள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் எந்த மேடையிலும் ஏறாதவர்கள்.

கேள்வி: டிடிடி பூச்சிக்கொல்லியைத் தடை செய்ய வைத்ததால் மலேரியாவில் கோடிக்கணக்கானோர் இறந்தனர், அதற்குக் கார்சனே பொறுப்பு என்று ஒரு பேச்சில் கேட்டேன். மெய்யா?

பதில்: மெய்யன்று. 1962இல் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ என்ற தம் நூலில் அவர் எதிர்த்தது கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான். அப்படித் தெளித்தால் பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடும், பின்னர் நோயைத் தடுக்கவும் அது உதவாது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. 1972இல் அமெரிக்கா விதித்த தடை முக்கியமாக வேளாண் பயன்பாட்டுக்கு. நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைகூட நோய் பரப்பும் கொசுக்களை ஒழிக்க டிடிடியைப் பயன்படுத்த இடம் தருகிறது. வயலில் தெளித்த மருந்து உணவுத் தொடர் வழியே கழுகுகளின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்ய, அடைகாக்கும் தாயின் எடை தாங்காமல் முட்டை நொறுங்கியது. அதைத்தான் அந்தத் தடை நிறுத்தியது. புற்றுநோயை வெளியே சொல்லாமல் 1963இல் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்து, அடுத்த ஆண்டே மறைந்த ஒருவர்மீது இந்தப் பழியைச் சுமத்துவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

கேள்வி: அமெரிக்க இயற்கையியலாளர் ஜான் மியூர் போன்றோர் பிற இன மக்களை இழிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்களைப் போற்றலாமா?

பதில்: 1892இல் மியூர் முன்னின்று நிறுவிய சூழல் அமைப்பான சியரா கிளப்பே 2020இல் அவருடைய இழிசொற்களை வெளிப்படையாகக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்தது. ஒருவர் முன்கோபி, கஞ்சர் என்பன போன்ற குறைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மியூரின் குறை அவருடைய பணிக்குள்ளேயே இருக்கிறது. அவர் போற்றிய கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடி மக்களை 1851இல் படையனுப்பி விரட்டியிருந்தார்கள். அந்த நிலத்தை மனிதக் கை படாத தூய இடமாகக் கண்டதால், காட்டைக் காப்பது என்றால் அதில் வாழ்வோரை அகற்றுவது என்ற எண்ணத்துக்கு அவர் எழுத்து வலுச் சேர்த்தது. அந்த எண்ணத்தால் பல நாடுகளில் பழங்குடிகள் இடம்பெயர்ந்தனர். எனவே போற்றுங்கள், ஆனால் இந்த வரலாற்றை மறைக்காமல் போற்றுங்கள்.

கேள்வி: நினைவுநாளில் மரக்கன்று நட்டால் போதாதா?

பதில்: நட்ட கன்று பிழைத்தால் போதும். மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமை வளைய இயக்கம், கென்யப் பெண்களுக்கு நட்ட கன்றுக்குக் காசு தரவில்லை. பிழைத்த கன்றுக்குத்தான் தந்தது. அவரை நினைத்து நடுவோரும் அந்தக் கணக்கையே கைக்கொள்ளலாம். 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடமும் அன்றைய அதிபரின் பெருஞ்சிலையும் எழுப்ப அரசு முனைந்தபோது, எதிர்த்து நின்று அதைக் கைவிட வைத்தவர் அவர். 2011இல் அவர் உடலைத் தாங்கிய பெட்டிக்குக்கூட மரம் வெட்டப்படவில்லை. அவர் விருப்பப்படி மூங்கிலும் நாணலும் ஆகாயத்தாமரைத் தண்டும் கொண்டு முடைந்திருந்தார்கள்.

கேள்வி: அரசுகள் செய்த மரியாதைகளில் உங்களுக்கு நிறைவளித்தது எது?

பதில்: பிரேசிலில் சிக்கோ மெண்டிசுக்குச் செய்தது. ரப்பர் பால் வடிப்பவரான அவர், கால்நடைப் பண்ணைகளுக்காக அமேசான் காட்டை அழிக்க வந்த ஆட்களின் முன்னால் தொழிலாளர் குடும்பங்களைத் திரட்டி நிறுத்தினார். 1988 டிசம்பர் 22ஆம் நாள் ஷாப்புரியில் தம் வீட்டின் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டை வெட்டாமல் அதன் விளைபொருளைக் கொண்டு வாழ்வோருக்கே காட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1990இல் ஏறத்தாழ 9.7 இலட்சம் ஹெக்டேர் காட்டை அவ்வாறே ஒதுக்கி, அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். முழு நிறைவு என்று சொல்ல மாட்டேன். ரப்பருக்கு விலை கிடைக்காததால் அங்குள்ள குடும்பங்கள் சிலவே மாடு வளர்ப்புக்கு மாறின, காடும் ஆங்காங்கே அழிந்தது. இருந்தும் அந்தக் காடு இருக்கும் அக்ரே மாநில அரசு 1999இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, காட்டில் வடித்தெடுத்த ரப்பருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தன் கருவூலத்திலிருந்து மானியம் கொடுக்கத் தொடங்கியது.